பழுத்த அன்றே உறைய வைப்போம்

ஒரு பெட்டி மாம்பழம் வீட்டுக்கு வந்தால் முதல் இரண்டு நாள் எல்லாம் காயாகவே இருக்கும். தினமும் ஒருவர் போய் அமுக்கிப் பார்த்துவிட்டு வருவார். மூன்றாம் நாள் இரண்டு பழம் தேறும். ஐந்தாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் மொத்தமும் ஒன்றாகப் பழுத்து, கூடமெல்லாம் மணக்கும். அன்றைக்குச் சாப்பிடுவது ஆறு, அக்கம்பக்கம் கொடுப்பது ஆறு. மீதி அப்படியே இருந்து, ஏழாம் நாள் காம்புப் பக்கம் கறுத்து, குப்பைக்குப் போகும். இந்த அத்தியாயம் அந்த ஐந்தாம் நாளைப் பற்றியது.

பழத்தை உறைய வைப்பதில் பெரும்பாலான வீடுகள் செய்வது தலைகீழான வேலை. நல்ல பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, கனிந்து குழைந்ததை, அடிபட்டதை, 'வீணாகப் போகிறதே' என்று ஃப்ரீசரில் தள்ளுகிறோம். இரண்டு மாதம் கழித்து எடுத்து ஜூஸ் போட்டால் அதே புளித்த வாடைதான் வரும். ஃப்ரீசர் எந்தப் பழத்தையும் மேம்படுத்தாது. வைத்த நிலையில் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஆகவே உள்ளே போக வேண்டியது பெட்டியிலேயே சிறந்த பழம், அது சிறந்து நிற்கும் அன்றே.

உறையும்போது பழத்துக்குள் நடப்பது

பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிகிறது. மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உறைந்த மாம்பழத் துண்டை உருக விட்டால் தொளதொளவென்று ஆகி, கீழே சாறு தேங்குவதற்குக் காரணம் இதுதான். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறிதாகவே நிற்கும், சேதமும் குறையும். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1910களில் இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில், கடுங்குளிரில் சட்டென்று உறைந்த மீன் பிறகு உருகிச் சமைத்தபோதும் புதிது போலவே இருப்பதைக் கவனித்தார். விரைவாக உறைய வைக்கும் தொழில் அதிலிருந்துதான் வளர்ந்தது. இன்று கடையில் பாக்கெட்டில் வரும் உறைந்த பழங்கள் அப்படித் தயாராகின்றன.

நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்த வேகம் கிடையாது. நமக்கு அது தேவையும் இல்லை. உருகிய பழத்தைத் தட்டில் அழகாக அடுக்குவதற்கா வைக்கிறோம்? ஜூஸுக்கும் ஸ்மூத்திக்கும் சோர்பேக்கும் செல் சுவர் எப்படியும் உடைந்தாக வேண்டும். மிக்ஸியின் வேலையில் பாதியை ஃப்ரீசரே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க விளைவது. 2023ல் புவிசார் குறியீடும் பெற்றது. வாசனை, நிறம், புளிப்பு எல்லாம் உண்டு, கொட்டையும் உண்டு. மிக்ஸியில் அடித்தால் கொட்டை உடைந்து ஜூஸ் கசக்கும். அதனால் பலரும் வேகவைத்துப் பிழிகிறார்கள், அதில் பச்சை வாசனை போய்விடும். அதற்குப் பதிலாகக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு இரவு முழுக்க உறைய வையுங்கள். மறுநாள் ஒரு பாத்திரத்தில் கொட்டி முழுதாக உருக விடுங்கள். தோல் தளர்ந்து, தொட்டதுமே சாறு வடியத் தொடங்கியிருக்கும். கையாலேயே பிசைந்து வடிகட்டினால் அடர்ந்த ஊதா நிறச் சாறு இறங்கும். தோலில் இருக்கும் நிறம் அடுப்பு இல்லாமலே சாற்றுக்கு வந்துவிடும். கொட்டை முழுசாக வடிகட்டியில் நிற்கும்.

நெல்லிக்காயும் இப்படித்தான். முழுதாக உறைய வைத்து உருக்கினால் சுளைகள் தளர்ந்து, விரலால் அழுத்தினாலே கொட்டையை விட்டுப் பிரிந்துவிடும். இஞ்சி, உப்பு சேர்த்து அடித்து வடிகட்டினால் நெல்லி ஜூஸ் ஆயிற்று.

எந்தப் பழம், எந்தப் பக்குவம்

மாம்பழத்தில் நார் இல்லாததுதான் முதல் தேர்வு: அல்போன்சா, இமாம்பசந்த், பங்கனப்பள்ளி, மல்கோவா. கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகளுக்குப் போகும் கிளிமூக்குக்கு வாசனை குறைவு, விலையும் குறைவு. பாதி கிளிமூக்கு, பாதி அல்போன்சா என்று கலந்து வைத்தால் செலவும் குறையும், மணமும் நிற்கும். பருவத்தின் கடைசியில் வரும் நீலம் மணத்தில் குறைந்ததல்ல, ஆனால் கொட்டையில் வண்டு இருக்கும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்தே சேர்க்க வேண்டும். காம்பருகே மூக்கை வைத்தால் மணம் ஏறும் பழம்தான் உறைய வைக்கத் தகுதியானது. மஞ்சளாக இருந்தும் மணக்காத பழம் உறைந்த பிறகும் மணக்கப் போவதில்லை.

வாழைப்பழத்தைத் தோலோடு வைக்காதீர்கள். தோல் கறுத்து, பழத்தோடு ஒட்டிக்கொண்டு, உரிக்க முடியாமல் கத்தியால் சுரண்ட வேண்டி வரும். பழுத்துத் தோலில் புள்ளி விழுந்த மோரிஸ் பழத்தை உரித்து, விரல் கனத்தில் வட்டமாக நறுக்கி வையுங்கள். மலைவாழை கிடைத்தால் அதைவிட மேல். உறைந்த வாழைத் துண்டை வேறு எதுவும் சேர்க்காமல் அரைத்தாலே ஐஸ்கிரீம் பதத்துக்கு வந்துவிடும். வேறெந்தப் பழமும் தனியாக இவ்வளவு வழவழப்பைத் தருவதில்லை. பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கும் வீட்டில் இது பெரிய வரம்.

சீத்தாப்பழத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், அது அதற்குத் தகுதியான பழம். சூடுபடுத்தினால் சீத்தாப்பழக் கூழ் கசந்துவிடும். பாயசத்தில் சேர்ப்பவர்கள் பால் நன்றாக ஆறிய பிறகே சேர்ப்பது அதனால்தான். காய்ச்சியும் ஜாமாக்கியும் வைக்க முடியாத இந்தப் பழத்தை வீட்டில் சேமிக்க ஃப்ரீசர்தான் வழி. விதை நீக்குவதுதான் வேலை. பழத்தை இரண்டாகப் பிளந்து, சுளைகளைக் கரண்டியால் வழித்து, பெரிய கண் உள்ள வடிகட்டியில் போட்டு விரல்களால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் எதுவும் இறங்காதது போலத் தெரியும். விதையைச் சுற்றிய மெல்லிய உறை கிழிந்ததும் வெள்ளைக் கூழ் வடிகட்டியின் அடியில் திரண்டு தொங்கத் தொடங்கும். அதை அவ்வப்போது கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். விதையோடு மிக்ஸியில் போடவே கூடாது. பேன் மருந்தாக அரைக்கும் விதை அது. உடைந்தால் நச்சு, தூள் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். எடுத்த கூழ் பழுப்பாகாமல் இருக்க ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து உடனே மூடி வையுங்கள்.

சப்போட்டா முழுதாகப் பழுத்திருக்க வேண்டும். பால் பிசுபிசுப்பு இருந்தால் துவர்ப்பு அப்படியே உறைந்து நிற்கும். மாதுளை முத்துகளும் பப்பாளித் துண்டுகளும் எந்தத் தொல்லையும் தராதவை. பலாச்சுளையைக் கொட்டை நீக்கி வைத்தால் போதும், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில். இல்லையென்றால் ஐஸ் கட்டி முதல் பால் பாக்கெட் வரை எல்லாம் பலா மணக்கும். நாவல் பழத்தைக் கொட்டை நீக்கிச் சதையாகவே வையுங்கள், துவர்ப்பை எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

அன்னாசியில் ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள புரோமலின் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைக்கும். பச்சை அன்னாசியைப் பாலிலோ தயிரிலோ அடித்து வைத்தால் சிறிது நேரத்தில் கசப்பு ஏறும். உறைய வைப்பதால் அந்த நொதி அழியாது, சூடுதான் அழிக்கும். பாலோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரை தூவி, நன்றாகக் கொதி வரும்வரை வேகவைத்து ஆறவிட்டு உறைய வையுங்கள். தண்ணீரில் ஜூஸ் போடுவதற்கு என்றால் பச்சையாகவே வைக்கலாம்.

சாத்துக்குடியை உறைய வைக்க வேண்டாம். பிழிந்து வைத்த சாத்துக்குடிச் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். அது பிழிந்த கையோடு குடிக்க வேண்டியது. எலுமிச்சைச் சாறு அப்படியல்ல. விலை இறங்கியிருக்கும்போது மொத்தமாக வாங்கிப் பிழிந்து ஐஸ் ட்ரேயில் ஊற்றிக் கட்டியாக்கிக் கொண்டால், கோடையில் ஒரு எலுமிச்சை பத்து ரூபாய் விற்கும்போது நிம்மதியாக இருக்கலாம். இந்த நூலில் எலுமிச்சை வரும் எல்லா இடத்திலும் அந்தக் கட்டி கைகொடுக்கும்.

வைக்கும் முறை

கழுவுவது அறுப்பதற்கு முன். உறைநிலை கிருமிகளை உறங்க வைக்கும், கொல்லாது. 2013ல் இத்தாலியில் தொடங்கிப் பல ஐரோப்பிய நாடுகளில் மஞ்சள் காமாலை நோயான ஹெபடைடிஸ் ஏ பரவியதற்கு உறைந்த பெர்ரிக் கலவைகள் காரணமாக இருந்தன. சமைக்காமல் அப்படியே அரைத்துக் குடிக்கப் போகும் பொருள் என்பதால் கை, கத்தி, பலகை மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். மீன் நறுக்கிய பலகை இதற்கு ஆகாது.

நறுக்கிய துண்டுகளை நேரே கவரில் அள்ளிப் போட்டால் எல்லாம் ஒரே பாறையாகிவிடும். பிறகு அதை உடைக்க அம்மிக் குழவியைத் தேட வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, நான்கைந்து மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் கவருக்கு மாற்றுங்கள். பிறகு வேண்டிய அளவை உதிரியாக எடுக்கலாம். எவர்சில்வர் தட்டு குளிரைச் சீக்கிரம் கடத்துவதால் பிளாஸ்டிக் தட்டைவிட நல்லது. கூழாக இருப்பவற்றை ஜிப் லாக் கவரில் ஊற்றி, விரல் கனத்துக்குத் தட்டையாக்கிப் படுக்க வையுங்கள். வேண்டும்போது கவரோடு ஒடித்துக்கொள்ளலாம்.

கவரில் காற்று இருக்கக் கூடாது. மூடியை ஒரு ஓரத்தில் மட்டும் திறந்து வைத்து, கவரைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மெல்ல இறக்கினால் தண்ணீரின் அழுத்தமே காற்றை வெளியேற்றிவிடும். வாய் நனைவதற்குள் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்ட இடத்தில் பழம் வறண்டு வெள்ளை படரும். அது கெட்டதல்ல, ஆனால் சுவை போயிருக்கும். கண்ணாடி பாட்டிலில் வைப்பதானால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும். பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். மாம்பழக் கூழும் பப்பாளிக் கூழும் உறைந்த பிறகு பார்வைக்கு ஒன்றுதான்.

மைனஸ் 18 டிகிரி நிலையாக இருக்கும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் பெரும்பாலான பழங்கள் ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருக்கும். வாழைப்பழத்தை மட்டும் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது. அங்கே எல்லாப் பழத்துக்கும் இரண்டு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மிக்ஸியைக் காப்பாற்றுதல்

நம் மிக்ஸி இட்லி மாவும் சட்னியும் அரைக்கப் பிறந்தது. உறைந்த பழத்தைத் தாங்கும், முறையாகப் போட்டால். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் ஐந்து முதல் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். துண்டின் ஓரம் லேசாகப் பளபளக்க வேண்டும், நடுப்பகுதி இன்னும் கல்லாக இருக்க வேண்டும். ஜாரில் முதலில் திரவம், அதன் மேல் பழம். பழம் கீழே போனால் பிளேடு சிக்கும். பாதி ஜாருக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதலில் திருகியை இடப் பக்கம் திருப்பி விட்டு விட்டு ஓட்டி, துண்டுகள் நொறுங்கிய பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். ஒரேயடியாக ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. மோட்டார் சூடாகித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஓடும்.

ஜூஸ்

வீட்டு ஜூஸ் சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் ஐஸ் கட்டிதான் காரணம். முதல் வாய் நன்றாக இருக்கும், கடைசி வாய் தண்ணீராக இருக்கும். உறைந்த பழமே குளிர்ச்சியைக் கொடுப்பதால் ஐஸ் தேவையில்லை. உறைந்த தர்பூசணித் துண்டு இரண்டு கப், உறையாத துண்டு ஒரு கப், ஒரு எலுமிச்சைக் கட்டி, சிட்டிகை உப்பு, தண்ணீரே வேண்டாம். விதையை முன்பே எடுத்திருக்க வேண்டும். அன்னாசியும் இதே விகிதத்தில் வரும், மிளகுத்தூள் ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டாமல் குடிப்பதே நல்லது, நார் உள்ளே போகும்.

ஸ்மூத்தி

இருவருக்கு: உறைந்த மாம்பழத் துண்டு ஒன்றரை கப், புளிக்காத தயிர் முக்கால் கப், பால் கால் கப், ஏலக்காய்த்தூள் சிட்டிகை. சர்க்கரையை முதலிலேயே போடாதீர்கள். அரைத்து ருசி பார்த்த பிறகு, தேவையென்றால் மட்டும். சப்போட்டாவுக்குத் தயிர் சேராது, பால்தான். இரண்டு பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சேர்த்தால் சர்க்கரைக்கு வேலை இல்லை. பப்பாளியோடு பாதி வாழைப்பழமும் எலுமிச்சைக் கட்டியும் சேர்த்து, தண்ணீரிலோ தேங்காய்ப் பாலிலோ அடிக்கலாம். எந்த ஸ்மூத்தியும் நீர்த்துத் தெரிந்தால் நான்கு துண்டு உறைந்த வாழைப்பழம் அதைச் சரிசெய்யும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு டம்ளர் ஸ்மூத்தியில் இரண்டு பழம் எளிதாக அடங்கிவிடும், அரைத்த பழம் கடித்துத் தின்பதைவிட வேகமாக உள்ளே போகும். அவர்களுக்கு அரை டம்ளர் போதும்.

சோர்பே

பால், முட்டை எதுவும் சேராத, பழமும் சர்க்கரையும் மட்டுமான ஐஸ் இது. இதில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர இன்னொரு வேலை இருக்கிறது. சர்க்கரை கரைந்த தண்ணீர் முழுதாக உறையாது. பனிப்படிகங்களுக்கு நடுவே பாகு போல் தங்கி, கரண்டி இறங்கும்படி மிருதுவாக வைக்கும். உடம்புக்கு நல்லதென்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது பாறை. மொத்தக் கலவையில் பழத்தின் இனிப்பையும் சேர்த்துக் கால் பங்கு சர்க்கரை இருந்தால் பதம் சரியாக வரும். இளநீர்போல் இனிப்பு குறைந்ததற்கு 500 மில்லிக்கு 150 கிராம் சர்க்கரை தேவைப்படுவது அதனால்தான். கலவை சாதாரணச் சூட்டில் ருசிக்கும்போது கொஞ்சம் திகட்டலாகவே இருக்க வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், உறைந்த பிறகு சரியாகிவிடும்.

மாம்பழ சோர்பேக்கு 100 கிராம் சர்க்கரையை 60 மில்லி தண்ணீரில் கரையும்வரை மட்டும் சூடாக்கி, நன்றாக ஆறவைத்து ஃப்ரிட்ஜில் குளிர வையுங்கள். 500 கிராம் உறைந்த மாம்பழத்தை இரண்டு ஈடாகப் பிரித்துக்கொண்டு, பாகு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். முதலில் ஜாருக்குள் கடகடவென்று கல் உருளும் சத்தம் கேட்கும். நிறுத்தி, ஓரத்தை வழித்து, மறுபடி ஓட்டினால் அது மணல் அரைபடும் சரசரப்பாக இறங்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். இன்னும் இரண்டு முறை வழித்துவிட்டு ஓட்டினால் சத்தம் திடீரென்று அடங்கும். மிக்ஸி ஒரே சீராக ரீங்கரிக்க, கலவை நடுவில் சுழிந்து வெளுத்த மஞ்சளாக மாறியிருக்கும். அப்போதே சாப்பிடலாம். கெட்டியாக வேண்டுமென்றால் குளிர்ந்த டப்பாவில் போட்டு, மேலே கவரை ஒட்டினாற்போல் மூடி, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள்.

சர்க்கரைப் பாகுக்குப் பதில் நன்னாரி சர்பத் பாகையே ஊற்றினால் எலுமிச்சை, தர்பூசணி, இளநீர் மூன்றுக்கும் அருமையாகப் பொருந்தும். அதுவும் கெட்டியான சர்க்கரைப் பாகுதான் என்பதால் பதமும் கெடாது. இளநீரில் வழுக்கையையும் சேர்த்து அரைத்தால் மிருதுத்தன்மை கூடும். இளநீரையும் தர்பூசணிச் சாற்றையும் பாகு கலந்து தட்டையாக உறைய வைத்து, ஒடித்து, மிக்ஸியில் ஒரு சுற்று அடித்து மறுபடி உறைய வைப்பதே வழி. நாவல் பழத்துக்குக் கருப்பட்டிப் பாகு. வடிகட்டிய பாகு, கொஞ்சம் கூடுதலாக எலுமிச்சை, ஒரு நல்ல சிட்டிகை இந்துப்பு. இந்த உப்புதான் துவர்ப்பை அடக்குகிறது. நாக்கு ஊதாவாகும், குழந்தைகள் அதற்காகவே இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

மிக்ஸியே வேண்டாம் என்பவர்களுக்கு: இனிப்புக் கலந்த தர்பூசணிச் சாற்றை அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளிக்கொண்டே இருந்தால், மூன்று நான்கு சுற்றில் உதிரி உதிரியான பனித்தூள் கிடைக்கும். இதற்குச் சர்க்கரை குறைவாகவே போதும், 500 மில்லிக்கு 50 கிராம்.

கரண்ட் போனால்

ஃப்ரீசர் நிறைந்திருந்தால் குளிர் நெடுநேரம் நிற்கும். மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறந்து பார்க்காமல் இருப்பதே பாதி காவல். மின்சாரம் வந்ததும் கவரை எடுத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே இன்னும் பனிப்படிகம் நெறுநெறுத்தால் திரும்ப உறைய வைக்கலாம், பதம் கொஞ்சம் குறையும். முழுக்க உருகியும் தொட்டால் ஜில்லென்று இருந்தால் அன்றே ஜூஸ் போட்டுவிடுங்கள், அல்லது கொதிக்க வைத்து ஜாம் கிளறுங்கள். சீத்தாப்பழமானால் ஆறிய பாலில் கலந்து அன்றே முடியுங்கள். வெதுவெதுப்பாகி, புளித்த வாடை வந்து, கவர் உப்பியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.